பெங்களூரு ஃபிளாட்டில் சிப்பிப்பாறை வளர்க்கலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: ஒயிட்ஃபீல்டில் நான்காவது மாடி, இரண்டு படுக்கையறை ஃபிளாட். கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். ஒன்பது வயதில் ஒரு மகள். சாத்தூர்ப் பக்கம் மாமா வீட்டில் சிப்பிப்பாறை நாய் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று தருகிறேன் என்கிறார். வேட்டை நாயாயிற்றே, நாள் முழுக்க ஓட வேண்டுமாமே, ஃபிளாட்டில் அடைத்துவைப்பது பாவமில்லையா, நோய் நொடி எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனையில் நான் இறங்கிவர மாட்டேன். நான்கு பக்கமும் சுவரோ வேலியோ உள்ள பெரிய திறந்தவெளி ஒன்று உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அங்கே கூட்டிப்போய், கயிற்றை அவிழ்த்து, அது தன் முழு வேகத்தில் ஓட விட வேண்டும். அப்படி ஓர் இடத்தைக் குட்டி வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். கிடைக்காவிட்டால் மாமாவிடம் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்ற சிரமங்களுக்கெல்லாம் வழி இருக்கிறது, இதற்கு மாற்று கிடையாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், சிப்பிப்பாறையின் உடம்பு ஒரே ஒரு வேலைக்காக ஆனது. கண்ணால் பார்த்து, துரத்தி, சில நிமிடங்களில் முயலைப் பிடிப்பது. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கரிசல் காட்டில் மறைவு அதிகம் இல்லாத வெட்டவெளியில் அதற்குத்தான் இதை வளர்த்தார்கள். (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டை இன்று குற்றம். நாயின் உடம்புக்கு அது தெரியாது.) ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, வில்லாக வளையும் முதுகு. முழுப் பாய்ச்சலில் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும், உடம்பு நீளும்போது ஒரு தடவை, சுருங்கும்போது ஒரு தடவை. இந்த ஓட்டம் நீண்ட நேரம் நீடிக்காது. சிறிது நேரத்திலேயே அதற்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்தால் அடுத்த வேளைச் சோற்றுக்குத்தான் எழும்பும்.

நாள் முழுக்க ஓட வேண்டும் என்று உங்களிடம் சொன்னவர்கள் இதை ஹஸ்கியோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஹஸ்கி பனியில் வண்டி இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடப் பிறந்தது. சிப்பிப்பாறை அப்படி இல்லை. ஆசைதீர ஓடிய நாளில் ஃபிளாட்டுக்கு இதைவிட அமைதியான நாய் கிடைப்பது கடினம். ஓட்டம் கிடைக்காத நாயோ செருப்பைக் கடிக்கும், ஹாலுக்கும் அறைக்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும், கதவு திறந்த நொடியில் படியிறங்கி ஓடிவிடும். கயிற்றில் எத்தனை கிலோமீட்டர் நடத்தினாலும் அந்தத் தவிப்பு தீராது. மோப்பம் பிடிக்கவும் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகவும் உலகத்தைப் பார்க்கவும் தினமும் காலையும் மாலையும் நடை வேண்டும்தான். ஆனால் அதை ஓட்டத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, பெங்களூரில் எங்கே ஓட விடுவது? கப்பன் பார்க்கில் நடை போகலாம், நடைபாதைகளில் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. உங்கள் குடியிருப்பின் புல்வெளியும் இதற்கு ஆகாது. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் சாலை, ஹென்னூர்ப் பக்கங்களில் கட்டணம் வாங்கும் நாய்ப் பூங்காக்கள் இருக்கின்றன. சனி, ஞாயிறு கூட்டத்தில் போகாமல் வார நாளில் காலை முதல் வேளையில், முடிந்தால் உங்கள் நாய்க்கு மட்டும் நேரம் கேட்டு வாங்குங்கள். பல இன நாய்கள் ஒன்றாக இருக்கும்போது இது ஓட ஆரம்பித்தால் மற்றவை துரத்தும், குட்டி நாய் ஒன்று குறுக்கே ஓடினால் இதன் கண்ணுக்கு அது முயலாகத் தெரிந்துவிடும். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. புதிகெரே, ஹொஸ்கோட்டை போகும் வழியில் காம்பவுண்டு சுவர் எழுப்பி, வீடு கட்டாமல் விட்டிருக்கும் பெரிய சைட்டுகள் நிறைய உண்டு. உரிமையாளரையோ காவலாளியையோ பார்த்துப் பேசி அனுமதி வாங்கினால் வாரம் முழுக்கக் கவலை இல்லை. நாயை விடுமுன் நீங்கள் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். உடைந்த பாட்டில், முள்கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுக்கம்பி ஒன்றும் இருக்கக் கூடாது. இதன் தோல் மெல்லியது, அந்த வேகத்தில் ஒரு கம்பி பட்டால் அரையடிக்குக் கிழியும். சுவர் ஆறடியாவது இருக்கட்டும். உயரமாகத் தாவும் நாய் இது.

ஓடவிடும் முன் பத்து நிமிடம் நடத்துங்கள், முடிந்ததும் மூச்சு அடங்கும்வரை மறுபடி நடத்துங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். குட்டிக்கு ஒன்று, ஒன்றேகால் வயது ஆகும்வரை நீங்களாக ஓட்டப் பயிற்சி கொடுக்காதீர்கள். அதுவாக விளையாடி அதுவாக நிற்கட்டும். சைக்கிளில் கட்டி ஓட்டுவது, உயரத்திலிருந்து குதிக்க வைப்பது, நான்கு மாடிப் படியைத் தினமும் ஏறி இறங்க வைப்பது எல்லாம் வளரும் எலும்பின் நுனியைக் கெடுக்கும்.

குணத்துக்கு வருகிறேன். கூப்பிட்டால் வரும் நாய்தான், ஆனால் எதையாவது துரத்த ஆரம்பித்த பிறகு உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. பிடிவாதம், கீழ்ப்படியாமை என்று அதைத் திட்டுவதில் நியாயமில்லை; பல தலைமுறையாக அந்த ஒருமுனைப்புக்காகவே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியிருக்கிறார்கள். ஆகவே சுவர் இல்லாத எந்த இடத்திலும் கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. அணில், பூனை மட்டுமில்லை, காற்றில் உருளும் பிளாஸ்டிக் பையே போதும். வர்த்தூர் சாலை போக்குவரத்தில் ஐந்து வினாடியில் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதோடு தெருநாய்களும் இருக்கின்றன. 2023 கணக்கெடுப்பில் பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 2.79 லட்சம் தெருநாய்கள். ஓடும் நாயைக் கண்டால் கூட்டமே பின்னால் வரும். சண்டையில் மெல்லிய தோல்காரனுக்குத்தான் தையல் விழும்.

கழுத்துப் பட்டையில் கவனம் வேண்டும். இதன் தலை கழுத்தைவிட அகலம் இல்லை. சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து நொடியில் உருவிக்கொள்ளும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, அகலமானதாக வாங்குங்கள். பால்கனியில் கைப்பிடிக்கு மேலே கூரை வரைக்கும் வலை கட்டியாக வேண்டும். நான்காவது மாடியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தால் நாய்க்கு உயரம் தெரியாது. குட்டி வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டு மனிதர்களிடம் இது காட்டும் பாசம் சத்தமில்லாதது. லாப்ரடார் மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாலாட்டாது. புது ஆள் வந்தால் தள்ளி நின்று பார்க்கும், பிடித்தால் பிறகு தானே வந்து மூக்கால் தொடும். அப்படி ஒதுங்கும்போது விருந்தாளிகள் வலியப் பிடித்துத் தடவ வேண்டாம். உங்கள் மகளுக்கு நல்ல தோழனாக இருக்கும், ஆனால் தூங்கும்போது மேலே விழுந்து கட்டிப்பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். இந்த நாய்கள் ஆழ்ந்து தூங்கும், திடுக்கிட்டு எழும்போது யாராயிருந்தாலும் பல் படலாம். அடி, அதட்டல் இரண்டும் இதற்கு விஷம். குரலை உயர்த்தினாலே ஒடுங்கிப்போகும், அப்புறம் உங்களை நம்ப நாளாகும். ஒரு துண்டுக் கோழிக்கறியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் பழக்குவதை ஒரு நாளில் நாலைந்து தடவை செய்யுங்கள். அதில் நன்றாகவே கற்றுக்கொள்ளும். குரைப்பு குறைவு என்பது ஃபிளாட்டுக்குப் பெரிய வசதி.

தனியாக விடுவதுதான் உங்கள் விஷயத்தில் யோசிக்க வேண்டியது. இருவரும் ஒரே நாளில் அலுவலகம் போகாமல் நாளை மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாத நாளில் நடுவே ஒருவர் வந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடாதீர்கள். முதல் வாரத்திலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்த் திரும்பிப் பழக்குங்கள். குடியிருப்புச் சங்கம் ஏதாவது சொன்னால் பயப்பட வேண்டாம். நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது கயிறு, கழிவை அள்ளும் பை, ரேபிஸ் ஊசி அட்டை, மாநகராட்சி உரிமம்.

அக்கம்பக்கத்தார் உங்களிடம் அடிக்கடி கேட்கப்போவது ஒன்று உண்டு: நாய்க்குச் சோறு போடுகிறீர்களா இல்லையா? கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பு எலும்பின் முனையும் தெரிவது இந்த இனத்துக்குச் சரியான உடம்பு. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் துருத்தினாலோ தொடைச் சதை வற்றினாலோதான் மெலிவு. பிறர் சொல்கிறார்கள் என்று கொழுக்க வைத்தால் அந்த மெல்லிய கால்கள்தான் பாரம் சுமக்கும். ஊரில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் போட்டு வளர்த்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் காட்டில் முயலும் எலியும் தின்றன என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஃபிளாட்டில் களி மட்டும் போட்டால் புரதம் போதாது. எலும்பு நீக்கிய கோழி, முட்டை, மீன் இவற்றை முதன்மையாக வைத்து, கேழ்வரகோ சோறோ துணைக்குச் சேருங்கள். இல்லையென்றால் நல்ல நாய்த்தீவனம் போதும். குட்டிகளுக்கான தீவனம் கொடுத்தால் தனியாகக் கால்சியம் வேண்டாம். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு வேளை. மிச்சமான சாம்பார் சாதமும் குழம்புச் சோறும் போடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு இவையும் ஆகாது.

உடல்நலத்தில் நான் சொல்லப்போவதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும் முதல் நாளே “இது சைட்ஹவுண்ட்” (கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய் வகை) என்று சொல்லுங்கள். சிப்பிப்பாறை என்றால் பெங்களூரில் சிலருக்குப் பிடிபடாது. கர்நாடகத்தின் முதோள் நாயை எல்லோரும் அறிவார்கள், அதே வகை என்றால் புரிந்துகொள்வார்கள். 

சைட்ஹவுண்ட் என்று சொல்வது எதற்கு? முதலாவது, மயக்க மருந்து. கொழுப்பு மிகக் குறைந்த உடம்பு, சில மருந்துகளை ஈரல் மெதுவாகவே சிதைக்கும். தயோபென்டல் போன்ற பழைய மருந்து கொடுத்தால் மற்ற நாய்கள் எழுந்து நிற்கும் நேரத்தைத் தாண்டியும் இவை மயங்கிக் கிடக்கும். வெளிநாட்டுச் சைட்ஹவுண்டான கிரேஹவுண்டில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம் இது. அதே உடல்வாகு கொண்ட நம் நாய்க்கும் அப்படித்தான் என்று வைத்து நடந்துகொள்வதே பாதுகாப்பு. கருத்தடை அறுவைக்கு நாள் குறிக்கும்போது என்ன மயக்க மருந்து என்று கேளுங்கள். புரோபோஃபால், ஐசோஃபுளுரேன் பயன்படுத்தும் இடமாகவும், அறுவை முடிந்து விழிக்கும்வரை உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும் இடமாகவும் இருக்கட்டும். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம், நல்ல டாக்டர் கேட்டதற்கு மகிழ்வார்.

இரண்டாவது இரத்தப் பரிசோதனை. பெங்களூரில் உண்ணிக் காய்ச்சல் ஆண்டு முழுக்க உண்டு. உண்ணி பரப்பும் கிருமிகளில் எர்லிக்கியா வந்தால் இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறையும், பபீசியா வந்தால் சிவப்பணு உடைந்து இரத்தசோகை வரும். சிக்கல் என்னவென்றால், கிரேஹவுண்டுக்கு ஆரோக்கியமாக இருக்கும்போதே தட்டணு ஒரு லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். மற்ற நாய்களுக்கு அது ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு மேல். ஆகவே நோயே இல்லாத சைட்ஹவுண்டுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று மருந்து ஓடும் வாய்ப்பு உண்டு. சிவப்பணுவில் இதற்கு நேர்மாறு. மொத்த இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு மற்ற நாய்களுக்கு 37 முதல் 55 சதவீதம், கிரேஹவுண்டுக்கு 50 முதல் 65. உங்கள் நாய்க்கு 38 வந்தால் ஆய்வகத் தாள் இயல்பு என்று காட்டும், உண்மையில் அது நிறைய இறங்கி வந்திருக்கலாம். இந்தக் குழப்பத்துக்கு எளிய தீர்வு இருக்கிறது. ஒன்றரை வயது வாக்கில், நாய் துள்ளிக்கொண்டு நன்றாக இருக்கும் ஒரு நாளில், முழு இரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் காய்ச்சல் வரும்போது டாக்டர் ஒப்பிட வேண்டியது அந்தத் தாளோடுதான்.

சாப்பாட்டை மறுப்பது, ஈறு வெளுப்பது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது, மூக்கில் இரத்தம், இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே போங்கள். கடையில் கேட்டு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடாதீர்கள். எர்லிக்கியாவுக்கு அதைப் பொதுவாக 28 நாள் விடாமல் கொடுக்க வேண்டும், பபீசியாவுக்கு அது மட்டும் போதாது. வராமல் தடுக்க மாதாமாதம் உண்ணி மருந்து, நடை முடிந்து வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, அக்குள் தடவிப் பார்ப்பது. முடி குட்டையாக இருப்பதால் இந்த நாயில் உண்ணி கண்டுபிடிப்பது சுலபம்.

மூன்றாவது, வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. ஆழமான மார்பு உள்ள எல்லா நாய்க்கும் இந்த ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் ஓங்கரிக்கும், எச்சில் ஒழுகும், வயிறு பறைபோல் விறைக்கும், நிலைகொள்ளாமல் சுற்றும். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இரவிலும் அறுவை செய்யும் மருத்துவமனை ஒயிட்ஃபீல்டிலிருந்து எது பக்கம் என்று இப்போதே விசாரித்துக் கைபேசியில் எண்ணைப் போட்டு வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓட்டம் வேண்டாம்.

மற்றவை சின்ன விஷயங்கள். டைல்ஸ் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் தோல் தடித்து நீர் கோக்கும், கனமான மெத்தை போட்டால் வராது. வழுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு. நகத்தை அடிக்கடி வெட்டுங்கள். வெயில் இதற்குப் பழகியது, குளிர்தான் புதிது. டிசம்பர், ஜனவரி இரவில் ஒரு ஸ்வெட்டர் மாட்டிவிடுவது செல்லம் கொடுப்பதாகாது, தேவை. குளியல் மாதம் ஒன்று போதும். தீபாவளி வாரத்தில் மாலை இருட்டுமுன் நடையை முடித்துவிடுங்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது தாயையும், முடிந்தால் தகப்பனையும் நேரில் பாருங்கள். ஓட்டப் பந்தயத்துக்காகக் கிரேஹவுண்டோடு கலந்த குட்டிகள் இப்போது நிறைய. அதுவும் நல்ல நாய்தான், ஆனால் கனமாக வளரும். தாயும் தகப்பனும் நெருங்கிய இரத்தமா என்று மாமாவிடம் தயங்காமல் கேளுங்கள். ஆள் வந்ததும் மூலையில் போய் ஒடுங்கும் குட்டி வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் பிறகு கிட்டே வரும் குட்டி இந்த இனத்துக்கு நல்ல அடையாளம். எட்டு வாரம் முடியும்வரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும். குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் அங்கேயே போட்டுவிடச் சொல்லுங்கள். மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ். பெங்களூரு மழையில் எலிக்காய்ச்சலும் வரும், அதற்கான ஊசியையும் விடாதீர்கள்.

ரயிலில் கொண்டுவர வேண்டுமென்றால் முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதும் உங்கள் பெயரில் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கூண்டில் ஏற்றுவார்கள், இவ்வளவு சின்னக் குட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். காரில் வாருங்கள். கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். தாயின் வாசம் பட்ட பழந்துணி ஒன்றை மாமாவிடம் கேட்டு வாங்கி, குட்டியைக் கொண்டுவரும் பெட்டியில் போடுங்கள். சேலம், கிருஷ்ணகிரி என்று டீக்கு நிறுத்தும் இடத்தில் தரையில் இறக்கிவிடாதீர்கள். ஊசி முடியாத குட்டிக்கு, குடலைத் தாக்கும் பார்வோ கிருமி ஒட்டுவது பல நாய்கள் வந்துபோகும் அந்த மாதிரி இடங்களில்தான். வீட்டிலிருந்து பழைய செய்தித்தாள் நிறைய எடுத்துப் போங்கள், ஒன்றுக்கு இரண்டுக்கு எல்லாம் காருக்குள்ளேயே ஆகட்டும்.